பிள்ளைத்தாச்சி எதுவரை வேலைக்குப் போகலாம்?

எத்தனையாம் மாதத்தோடு வேலையை நிற்பாட்டுவது என்று கேட்டால் வன்னியில் ஆளுக்கொரு பதில் வரும். மாமி ஏழாம் மாதம் என்பார், நோ வரும்வரை வயலில் களை பிடுங்கினேன் என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லுவார், கார்மென்ட்ஸுக்குப் போகிற பிள்ளைகள் லீவு நாளை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறப்பார்கள். எல்லாருக்கும் பொருந்துகிற ஒரு மாதம் மருத்துவத்திலும் கிடையாது. சிக்கலில்லாத கர்ப்பமென்றால், இருந்து செய்கிற வேலையை 38 வாரம் வரைகூடப் பலர் செய்கிறார்கள். அதே பெண் கச்சான் தோட்டத்தில் நின்றால் கணக்கு வேறு. ஏன் வேறு என்பது விளங்கினால் எப்போது நிற்பது என்பதும் பாதி விளங்கிவிடும்.

பிள்ளைத்தாச்சியின் உடம்பு சும்மா இருக்கும்போதே கூடுதலாக உழைக்கிறது. உடம்பிலுள்ள இரத்தம் 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது, இதயம் நிமிடத்துக்குத் தள்ளுகிற இரத்தமும் 30 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது, இந்தக் கூடுதலில் பெரும்பங்கு ஐந்தாம் மாதத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. வயிறே இன்னும் தெரியவில்லை, அதற்குள் என்ன களைப்பு என்று ஒரு பெண்ணைக் கேட்பது அநியாயம். இரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறுகிற வேகத்துக்குச் சிவப்பணுக்கள் ஏறுவதில்லை, அதனால் ஹீமோகுளோபின் இறங்கும். 11 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச்சோகை. அப்போது அதே வேலைக்கு இதயம் இன்னும் வேகமாக அடிக்க வேண்டும். கிளினிக்கில் தருகிற இரும்புக் குளிசையை, வயிற்றைப் பிரட்டுகிறது என்று மூலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போவது நல்லதில்லை.

சரி, இதோடு வேலையும் வெயிலும் சேர்ந்தால்? ஒரு குளத்துத் தண்ணீரை மூன்று வாய்க்காலுக்குப் பிரிக்கிற மாதிரித்தான். மாதம் முற்றும்போது கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேல் இரத்தம் போக வேண்டும். கடுமையாக உழைத்தால் தசைகள் தங்கள் பங்கை இழுக்கின்றன, வெக்கையில் நின்றால் உடம்பை ஆற்றுவதற்காகத் தோலுக்கும் ஒரு பங்கு போகிறது, வியர்த்துக் கொட்டியும் தண்ணீர் குடிக்காவிட்டால் குளமே வற்றுகிறது. வீட்டுவேலையிலும் நடையிலும் வருகிற சின்னக் குறைவை உடம்பு சமாளித்துவிடும், அளவான நடமாட்டம் நல்லதும்கூட. மணிக்கணக்காக இது தொடரும்போதுதான் கவலை. இன்னொன்றும் உண்டு, வயிற்றிலுள்ள பிள்ளையின் வெப்பநிலை தாயினதைவிட ஏறக்குறைய அரைப் பாகை செல்சியஸ் கூட, அந்தச் சூட்டைப் பெரும்பாலும் தாயின் இரத்தத்தின் வழியாகத்தான் வெளியேற்ற முடியும். தாய்க்குச் சூடேறினால் பிள்ளைக்கும் ஏறும். மழையே இல்லாத ஆடி ஆவணி வெயிலில் மத்தியானம் வெளியில் நிற்பதை நான் ஆரம்ப மாதங்களிலேயே தவிர்க்கச் சொல்வேன்.

கார்மென்ட்ஸில் நின்று செய்கிற வேலையென்றால் சிக்கல் காலில். பெருத்த கருப்பை கால்களிலிருந்து திரும்பும் பெரிய நாளத்தை அழுத்துகிறது, இரத்தம் கீழே தேங்குகிறது, கால் வீங்குகிறது, தலை சுற்றுகிறது. நீண்ட நேரம் நிற்பது, பாரம் தூக்குவது, இரவு ஷிஃப்ட் இவையெல்லாம் குறைமாதப் பிரசவத்தின் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொஞ்சம்தான், பயந்து வேலையை விடுகிற அளவுக்கு இல்லை. ஆனால் ஒரு கதிரையும், கேட்ட நேரத்தில் தண்ணீர் குடிக்கவும் சலம் கழிக்கவும் போக அனுமதியும் கிடைத்தால் எத்தனையோ பேர் இன்னும் பல வாரம் நலமாக வேலை செய்யலாம். சலத்தை அடக்கி அடக்கிக் கிருமி தொற்றினால் அதுவே குறைமாத நோவைக் கொண்டுவரலாம்.

வயலில் இரண்டு விஷயம். பூச்சிமருந்து அடிக்கிற இடத்தில் நிற்கவே கூடாது. எலிக்காய்ச்சல் வராமலிருக்க வயல் செய்பவர்களுக்குக் கொடுக்கிற டொக்சிசைக்கிளின் குளிசை கர்ப்பிணிகளுக்கு ஏற்றதில்லை, ஆகவே வீட்டுக்காரருக்குக் கொடுத்ததில் ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்க வேண்டாம்.

பாரத்துக்கும் ஒரு அளவு உண்டு. 20 வாரம் வரை எப்போதாவது தூக்குவதென்றால் 16 கிலோ, அப்புறம் 12 கிலோ, அதையும் உடம்போடு ஒட்டித் தூக்க வேண்டும். 15 லீற்றர் பிடிக்கிற குடம் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 15 கிலோ, அதாவது 20 வாரத்துக்குப் பிறகு அது அளவுக்கு மேல். 28 வாரத்தில் ஒரு கிலோ இருக்கிற பிள்ளை பிறக்கும்போது மூன்று கிலோ அளவில் இருக்கும், அதாவது எடையில் பெரும்பகுதி கடைசி 12 வாரத்தில்தான் ஏறுகிறது. அதனால் வேலையை ஒரே நாளில் விடுவதைவிடப் படிப்படியாகக் கழற்றுவதுதான் சரியென்று நினைக்கிறேன். முதலில் பாரமும் பூச்சிமருந்து அடிக்கிற வேலையும், பிறகு மத்தியான வெயில், ஏழாம் மாதத்தோடு இரவு வேலையும் நெடுநேர நிற்பும். இருந்து செய்கிற வேலையைக் கடைசியில் விடலாம்.

இலங்கைச் சட்டம் தருவது 84 நாள் சம்பள லீவு, பிரசவத்துக்கு முன் 14, பின் 70. மூன்றாம் பிள்ளையிலிருந்து பாதியாக இருந்ததை 2018இல் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக்கினார்கள். அரச ஊழியர் கர்ப்பமாகி ஐந்து மாதத்துக்குப் பிறகு அரை மணித்தியாலம் பிந்தி வந்து அரை மணித்தியாலம் முந்திப் போகலாம். நாட்கூலிக்குப் போகிற பெண்ணுக்கு நடைமுறையில் இதெல்லாம் கிடைப்பதில்லை, நின்றால் கூலி நின்றுவிடும், அவளுக்கு எந்த மாதத்தில் நிற்பது என்று புத்தி சொல்வதற்கு முன் வீட்டில் சோற்றுக்கு வழி இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

ஐப்பசி கார்த்திகையில் பிரசவத்துக்கு நாள் குறித்திருந்தால் 36 வாரத்தோடு நின்று, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிட்டவுள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. மாரி வெள்ளம் உட்கிராமத்துப் பாதைகளை மூடிவிட்டால் வாகனம் வராது.

எந்த வாரமானாலும் இரத்தம் பட்டால், தண்ணீர் கசிந்தால், விடாத தலையிடியோ கண் மங்கலோ முகவீக்கமோ வந்தால், 37 வாரத்துக்கு முன் வயிறு விட்டுவிட்டு இறுகினால், பிள்ளையின் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைந்தால், வேலையை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சுப்பவைசரிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.