ஆளிவிதை எண்ணெய் காய்வதில்லை

பழைய துப்பாக்கி ஒன்றின் மரக்கட்டைமேல் ஈரத்துணியை நான்காக மடித்து வைத்து, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியின் முனையை அழுத்தியதும் சுர்ரென்று ஆவி கிளம்பியது. ஐந்தாறு விநாடிதான். துணியை எடுத்துப் பார்த்தால், பெருவிரல் நகம் அளவுக்குக் குழிந்திருந்த இடம் பாதிக்குமேல் மேலெழும்பி வந்திருந்தது. இன்னொரு முறை நனைத்து இன்னொரு முறை அழுத்தினேன். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு தடவினால், குழி எங்கே இருந்தது என்று விரலுக்கே தெரியவில்லை. அது விழுந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்றார் சொந்தக்காரர்.

பென்சில்வேனியாவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் அவர். துப்பாக்கி அவருடைய அப்பா 1950களில் வாங்கிய வின்செஸ்டர் மாடல் 70. 1936-இல் அறிமுகமான இந்த வேட்டைத் துப்பாக்கி அமெரிக்கக் குடும்பங்களில் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரனுக்கு என்று கைமாறி வருவது. 2019-இல் சனிக்கிழமைக்கு மாறும்வரை, நன்றி கூறும் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை மான் வேட்டைப் பருவம் தொடங்குவது அந்த மாநிலத்தின் வெகுகால வழக்கமாக இருந்தது. பல பள்ளிக்கூடங்கள் அந்தத் திங்கட்கிழமை விடுமுறையே விட்டுவிடும். அப்படி ஐம்பது பருவங்களின் மழையும் பனியும் வேர்வையும் ஏறிய மரம். இரும்பு நன்றாகவே இருந்தது. மரம்தான் கறுத்து, மேற்பூச்சு தோல் உரிந்ததுபோல் கிடந்தது. எனக்கு வேட்டை தெரியாது. மரவேலை பிடிக்கும், மரத்துக்குள் நடக்கும் வேதியியல் அதைவிடப் பிடிக்கும். குழல், விசை, திருகுகள் எல்லாவற்றையும் அவரே கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறும் கட்டையை மட்டும் என் கையில் கொடுத்தார். கூடவே ஒரு கட்டு உப்புத்தாளும் கொண்டுவந்திருந்தார்.

முதல் வேலையாக அந்த உப்புத்தாளை ஓரமாக வைக்கச் சொன்னேன். துப்பாக்கிக் கட்டையில் மரமும் இரும்பும் சந்திக்கும் விளிம்பில் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் மரம் போனாலும் இரும்பு துருத்திக்கொண்டு நிற்கும். போன மரத்தைத் திரும்ப வைக்க வழியே இல்லை. பிடி வழுக்காமல் இருக்கக் கட்டங்கட்டமாகக் கீறியிருக்கும் வரிகளும் மழுங்கிவிடும். இன்னொன்றும் உண்டு. 1964-இல் வின்செஸ்டர் இந்த ரகத்தின் அமைப்பை மாற்றியது. அதற்கு முந்தைய துப்பாக்கிகளைத் தேடி வாங்குகிறவர்கள் மூலப் பூச்சு தேய்ந்திருந்தாலும் அதையே விரும்புவார்கள். புதிதாக மெருகேற்றினால் விலை இறங்கும். பெரியவருக்கு விற்கும் எண்ணம் இல்லை, பேத்திக்குக் கொடுக்கப்போகிறார். அதனால்தான் கைவைத்தேன்.

கட்டை கறுப்பு வால்நட் மரம், அந்த மாநிலத்துக் காடுகளிலேயே வளர்வது. வெளிறு கிட்டத்தட்ட வெள்ளை, வைரம் பாய்ந்த உட்பகுதி சாக்லேட் நிறம். கன மீட்டருக்கு ஏறக்குறைய 610 கிலோ எடை. நாள் முழுக்கத் தோளில் சுமக்கத் தோதான கனம், வெடிக்கும்போது வரும் பின்னுதையைப் பிளக்காமல் தாங்கும் உறுதி, உளிக்கு இணங்கும் பதம் மூன்றும் ஒரே மரத்தில் அமைவது அபூர்வம். பெரும்பாலான மரங்கள் வெளிச்சத்தில் கறுக்கும் என்றால், வால்நட் வெளிச்சத்தில் மெல்ல வெளுத்துத் தேன் நிறத்துக்கு வரும். அப்படியானால் இந்தக் கட்டை ஏன் கறுத்தது?

அதற்கு முன் மேலே இருக்கும் பூச்சு என்னவென்று தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மூலையில் பஞ்சால் ஸ்பிரிட்டைத் தொட்டு வைத்தேன். அவலரக்கு என்றால் ஸ்பிரிட்டில் கரைந்திருக்கும், அசையவில்லை. அடுத்து லாக்கர் தின்னர். அரை நிமிஷத்தில் பிசுபிசுத்துப் பஞ்சில் ஒட்டியது. ஆக, லாக்கர். இரண்டுக்கும் மசியாமல் இருந்திருந்தால் வார்னிஷ் என்று கொள்ளலாம். அரக்கும் லாக்கரும் கரைப்பான் பறந்துபோனதால் மட்டுமே கெட்டியானவை. அதே கரைப்பான் திரும்ப வந்தால் இளகிவிடும். வார்னிஷ் அப்படியல்ல, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகியது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்க்கு வரும்போது இதுதான் கதையே.

பூச்சை எடுக்கத் தின்னரும் பழந்துணியும் போதும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருகாலத்தில் எல்லாரும் டைகுளோரோமீத்தேன் கலந்த பசையைத் தடவி வழித்துவிடுவார்கள். மூடிய அறைகளில் அதன் ஆவியை மூச்சில் இழுத்து உயிர்விட்டவர்கள் உண்டு. 2019-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடை செய்தது.

பூச்சு போனதும் கறுப்பின் காரணம் தெரிந்தது. இரும்பு உட்காரும் பள்ளத்தைச் சுற்றித்தான் கறை அதிகம். துருப் பிடிக்காமலிருக்க இயந்திரப் பாகங்களுக்கு விட்ட எண்ணெய், துப்பாக்கியை நிமிர்த்தி நிறுத்தி வைத்த ஐம்பது வருஷமும் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கி மரத்தில் ஊறியிருந்தது. அது பெட்ரோலியத்திலிருந்து வரும் கனிம எண்ணெய். எத்தனை ஆண்டானாலும் இறுகாது. ஊறிய மரம் மிருதுவாகும், மேலே எதைப் பூசினாலும் ஒட்டாது. அதை வெளியே இழுக்க, பட்டிக்குப் போடும் சாக் பவுடரைக் கரைப்பானில் குழைத்துப் பற்று மாதிரி அப்பினேன். கரைப்பான் மரத்துக்குள் போய் எண்ணெயைக் கரைக்கும். மேற்பரப்பில் அது ஆவியாகும்போது, திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் அந்த நுண்தூளின் இடுக்குகள் கரைசலை வெளியே இழுக்கும். காய்ந்தபோது வெள்ளைப் பற்று பழுப்பாகியிருந்தது. தட்டி எடுத்துவிட்டு மறுபடி அப்பினேன். ஏழாவது பற்றுதான் வெள்ளையாகவே உதிர்ந்தது.

இப்போது அந்தக் குழிக்கு வருவோம். மரம் என்பது நீளநீளமான குழாய்களின் கட்டு. குழாய்ச் சுவரில் செல்லுலோஸ் இழைகள் கம்பி மாதிரி, லிக்னின் அந்தக் கம்பிகளைப் பிடித்துவைக்கும் சிமென்ட் மாதிரி. பாறையில் மோதினால் குழாய்கள் நசுங்கும். ஆனால் அறுபடாது. நசுங்கிய நிலையிலேயே லிக்னின் அவற்றைப் பூட்டி வைத்திருக்கிறது. உலர்ந்த லிக்னின் நூறு டிகிரிக்கு மேலும் விறைப்பாகவே இருக்கும். ஈரம் ஏறினாலோ நூறு டிகிரிக்குக் கீழேயே இளகிவிடும். கொதிநீராவி ஈரம், சூடு இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோகிறது. பூட்டு திறக்கிறது, சுவர்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன, நசுங்கிய குழாய் பழைய உருண்டை வடிவத்துக்கு எழுகிறது. மரம் தன் வடிவத்தை மறக்கவில்லை என்பதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம், அந்த வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. முள்கம்பி கீறிய ஒரு கோடு மட்டும் எத்தனை முறை ஆவி காட்டியும் எழவில்லை. அங்கே நார் அறுந்துபோயிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

ஈரம் பட்டதில் மேற்பரப்பின் சின்னச் சின்ன நார்முனைகள் மீசை மாதிரி சிலிர்த்து நிற்கும். காய்ந்தபின் மிக நைசான தாளால், ரேகை போகும் போக்கிலேயே மீசையை மட்டும் சீவ வேண்டும். அதற்கு இரும்பு நாரைப் பயன்படுத்தலாமே என்று பெரியவர் கேட்டார். ஈரமான வால்நட்டுக்கு அது ஆகாது. வால்நட்டில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. இரும்புத் துணுக்கும் தண்ணீரும் டானினோடு சேர்ந்தால் கருநீலக் கறை வரும். கலம்காரிக்காரர்கள் கடுக்காயில் ஊறிய துணிமேல் இரும்புக் கரைசலைத் தொட்டுக் கறுப்புக் கோடு எழுதுவது இதே வினையால்தான்.

இனி எண்ணெய். துப்பாக்கிக் கட்டைக்கு நூற்றாண்டுகளாகப் பூசிவருவது ஆளிவிதை எண்ணெய். ஏன் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ கூடாது? சமையலறையிலேயே விடை இருக்கிறது. தேங்காய் எண்ணெய் சிந்திய இடம் மாதக்கணக்கில் எண்ணெயாகவே இருக்கும். நல்லெண்ணெய் ஊற்றும் அகல் விளக்கின் விளிம்பைச் சுரண்டிப் பாருங்கள், பிசின் மாதிரிப் பிசுக்கு ஏறியிருக்கும். மரப்பலகையில் மெல்லத் தடவிய ஆளிவிதை எண்ணெயோ சில நாளில் நகத்துக்கு அசையாத படலமாகிவிடும்.

மூன்றும் கொழுப்பு அமிலச் சங்கிலிகளால் ஆனவைதான். வித்தியாசம் அந்தச் சங்கிலிகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளில். தேங்காய் எண்ணெயின் சங்கிலிகளில் பத்துக்கு ஒன்பது பங்கில் இரட்டைப் பிணைப்பே கிடையாது. நல்லெண்ணெயில் நாற்பது சதவீதத்துக்குமேல் இரண்டு இரட்டைப் பிணைப்பு உள்ளவை. ஆளிவிதையில் ஏறக்குறையப் பாதி, மூன்று உள்ளவை. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே நிற்கும் கார்பனில் ஹைட்ரஜன் அணு லேசாகத்தான் ஒட்டியிருக்கிறது. அது பிய்ந்த இடத்தில் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் வந்து உட்காரும். அப்படி உருவான பெராக்சைடு அடுத்த சங்கிலியின் ஹைட்ரஜனைப் பிடுங்கும், அங்கும் ஆக்சிஜன் ஏறும். பெராக்சைடுகள் உடையும்போது பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் கைகோத்துக்கொள்ளும். கடைசியில் தனித்தனி மூலக்கூறு என்பதே இல்லாமல் எல்லாம் ஒரே வலையாகிவிடும்.

எண்ணெய் காய்ந்தது என்று நாம் சொல்வது பழக்கத்தால். துணி காய்ந்தால் எடை குறையும். ஆளிவிதை எண்ணெய் இறுகும்போது ஆக்சிஜனை உள்ளே வாங்கி, பத்து சதவீதத்துக்கும் மேல் எடை கூடுகிறது. இறுகியபின் எந்தத் தின்னராலும் அதைத் திரும்ப எண்ணெயாக்க முடியாது. கடையில் 'காய்ச்சியது' என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயில் பெரும்பாலும் காய்ச்சல் எதுவும் நடப்பதில்லை. கோபால்ட், மாங்கனீசு உப்புகளைத் துளி சேர்த்து இந்த வினையை முடுக்கிவிட்டிருப்பார்கள்.

மெலிதாகத் தடவ வேண்டும் என்று கைதேர்ந்தவர்கள் அடித்துச் சொல்வதன் காரணமும் இதில் இருக்கிறது. ஆக்சிஜன் மேலிருந்துதான் இறங்குகிறது. கெட்டியாகப் பூசினால் மேல்தோல் முதலில் இறுகி மூடிக்கொள்ளும், அடியில் எண்ணெய் பச்சையாகவே கிடக்கும், பால்மேல் ஆடை மாதிரி சுருக்கம் விழும். அதனால் உள்ளங்கையில் ஏழெட்டுச் சொட்டு, கை சூடேறும்வரை தேய்ப்பு, மிச்சத்தைத் துடைத்துவிட்டு ஒரு நாள் சும்மா இருப்பது. வாரம் முழுக்கத் தினம் ஒரு முறை, மாதம் முழுக்க வாரம் ஒரு முறை, வருஷம் முழுக்க மாதம் ஒரு முறை, பிறகு ஆயுளுக்கும் வருஷம் ஒரு முறை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இங்கிலாந்துத் துப்பாக்கிப் பட்டறைகளில் இந்த எண்ணெயில் அல்கனெட் என்ற வேரை ஊறவைப்பார்கள். அதன் சிவப்பு தண்ணீரில் இறங்காது, எண்ணெயில் இறங்கும். நம் வீடுகளில் தலைக்கு வைக்கும் எண்ணெயில் வெம்பாளம்பட்டை போட்டதும் சிவக்கிறதே, அதுபோல.

முதல் கை எண்ணெய் பட்டதும் மங்கிக் கிடந்த மரத்தில் ரேகைகள் உள்ளிருந்து எழுந்து வருவதுபோல் தெரிந்தன. உலர்ந்த மரத்தின் குழாய்களில் காற்று இருக்கிறது. செல்சுவரிலிருந்து காற்றுக்குள் போகும்போது ஒளி வெகுவாக வளைந்து சிதறுகிறது, அதனால் மேற்பரப்பு வெளிறிச் சாம்பல் பூத்துத் தெரிகிறது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.48, செல்சுவருடையதும் அதற்கு அருகில்தான். காற்று இருந்த இடத்தில் எண்ணெய் நிறைந்ததும் சிதறல் குறைந்து ஒளி ஆழமாக இறங்கி, மரத்தின் நிறத்தை எடுத்துக்கொண்டு திரும்புகிறது. பஜ்ஜி வைத்த செய்தித்தாளில் மறுபக்க எழுத்து தெரிவதும் இதனால்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் ஏறும் அந்த வினை சூட்டை வெளியிடுகிறது. பலகைமேல் பரவிய எண்ணெயில் சூடு காற்றோடு போய்விடும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டாலோ, துணியின் ஒவ்வொரு நூலிலும் எண்ணெய், சூடு வெளியேற வழியில்லை. சூடேறச் சூடேற வினை வேகமெடுத்து, யாரும் தீ வைக்காமலேயே பற்றிக்கொள்ளும். இதே மாநிலத்தில், பிலடெல்பியாவின் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா கட்டடத்தில் 1991 பிப்ரவரி 23 அன்று இரவு 22-ஆவது மாடியில் பிடித்த தீக்குக் காரணம், மரச்சுவர்களுக்கு மெருகேற்றியவர்கள் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகள். தீயணைப்பு வீரர்கள் மூன்று பேர் இறந்தார்கள். கட்டடம் திரும்பத் திறக்கப்படவே இல்லை. எங்கள் துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வேலிமேல் விரித்துப் போட்டோம். அட்டை மாதிரி விறைத்தபின்தான் குப்பைக்குப் போயின.

எண்ணெய் அழகைக் கொடுக்கும், சிந்திய தண்ணீரைச் சற்று நேரம் தடுக்கும். காற்றிலிருக்கும் ஈரப்பதத்தைத் தடுக்காது. விஸ்கான்சினின் மாடிசன் நகரில் உள்ள அமெரிக்க வனப்பொருள் ஆய்வகம் பலவிதப் பூச்சுகளைச் சோதித்ததில், ஈரத்தைத் தடுப்பதில் ஆளிவிதை எண்ணெய் கடைசி வரிசையில்தான் நின்றது. துப்பாக்கிக்கு இது சின்ன விஷயமல்ல. வால்நட்டின் ஈரப்பதம் 6 சதவீதத்திலிருந்து 14-க்கு ஏறினால், 4 சென்டிமீட்டர் அகலத்தில் முக்கால் மில்லிமீட்டர்வரை உப்பலாம். உப்பிய மரம் ஒரு பக்கமாகக் குழலைத் தள்ளும். 60 சென்டிமீட்டர் நீளக் குழலின் முனை 0.06 மில்லிமீட்டர், அதாவது ஒரு தலைமயிர்க் கனம் நகர்ந்தாலே, நூறு மீட்டர் தொலைவில் குண்டு ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் படும்.

நீர் மரத்துக்குள் பக்கவாட்டில் போவதைவிடக் குழாய்களின் வெட்டுவாய் வழியாகப் பல மடங்கு வேகமாகப் போகும். தோளில் பதியும் முனையின் தகட்டைக் கழற்றியபோது அந்த வெட்டுவாய் எந்தப் பூச்சும் இல்லாமல் பச்சையாக இருந்தது. ஐம்பது வருஷம் ஈரம் வந்துபோன வாசல் அதுதான். அங்கேயும், குழல் படுத்திருக்கும் பள்ளத்தின் உள்ளேயும் எண்ணெயை நம்பாமல் வார்னிஷ் மூன்று கை கொடுத்தேன். கண்ணில் படாத இடம் என்பதால் பெரியவர் மறுக்கவில்லை.

எண்ணெய் முழுதாக இறுகிவிட்டதா என்று சொல்ல மூக்கு போதும். சங்கிலிகள் உடையும்போது ஆல்டிஹைடுகள் சிறிது வெளியேறுகின்றன, புதுப் பெயிண்டின் வாசனை அதுதான். ஐந்தாவது வாரம்வரை லேசாக அடித்தது. ஆறாவது வாரம் முகர்ந்தபோது வால்நட்டின் வாசனை மட்டும் இருந்தது. இரும்பைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து, திருகுகளை அவரே முடுக்கினார்.