லங்கம் பாட்டுக்கு ஒத்து எங்கிருந்து வருகிறது?

டப்ளின் இசைக்குழு லங்கம் 2023இல் வெளியிட்ட ‘ஃபால்ஸ் லங்கம்’ ஆல்பத்தில் பெரும்பாலானவை மரபுப் பாடல்கள். குழுவைச் சேர்ந்த டாரா லிஞ்ச் எழுதியவை இரண்டு. தெரியாமல் கேட்டால் எது பழசு, எது புதுசு என்று பிரிப்பது சிரமம். நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல, அடியில் நிற்காத ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருப்பது ஒரு காரணம். இயன் லிஞ்சின் இலன் பைப்ஸ் என்ற ஐரிஷ் பைக்குழல், ரேடி பீட்டின் ஹார்மோனியம் போன்றவை இந்த வேலையைச் செய்கின்றன.

ஐரிஷ் மொழியில் ‘இலன்’ முழங்கையைக் குறிக்கும். வலது முழங்கை துருத்தியை அமுக்க, இடது முழங்கை காற்றுப்பையை அழுத்துகிறது. வாயால் ஊதுவதில்லை, எச்சில் ஈரம் படாததால் நாணல் சீவாளி உலர்ந்தே இருக்கும். மெட்டு வாசிக்கும் குழலில் இரட்டைச் சீவாளி. ஒத்துக்குழல்கள் மூன்றிலும் ஒற்றை நாக்குச் சீவாளி. மூன்றும் ‘டி’ சுரம்தான், ஆனால் வேறுவேறு ஸ்தாயி: சுமார் 294, 147, 73 ஹெர்ட்ஸ்.

சுருதி சேர்க்க, சிறிய ஒத்துக்குழலை மெட்டுக்குழலின் அடி ‘டி’யோடு ஒலிக்கவிட்டு, அதன் இழுப்புப் பகுதியை நகர்த்துவார்கள். நீளம் கூடினால் சுருதி இறங்கும். ஒன்று 294, மற்றது 292 என்றால் விநாடிக்கு இரண்டு முறை ஒலி பெருத்துச் சிறுக்கும், இதுதான் விம்மல். விம்மல் மெதுவாகி நின்றால் சேர்ந்துவிட்டது. பிறகு அடுத்த இரண்டு குழல்கள். இழுப்புக்கு இடம் போதாவிட்டால் சீவாளி நாக்கின் நுனியில் துளி தேன்மெழுகு ஒட்டுவார்கள். எடை கூடி நாக்கு மெதுவாக அதிரும், சுருதி இறங்கும். இத்தனையும் செய்த பிறகும் முழங்கை அழுத்தம் சீராக இல்லையென்றால் எல்லாம் வீண். மேல் ஸ்தாயிக்கு மெட்டுக்குழல் அழுத்தத்தைக் கூட்டிக் கேட்கும். ஒத்தோ அதே காற்றைக் குடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். புதிதாகப் பழகுபவரின் ஒத்து தள்ளாடுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஹார்மோனியம் சேரும்போது வேறொரு சிக்கல். 73.4 ஹெர்ட்ஸ் ஒத்துக்குள் அதன் மடங்குகளும் ஒலிக்கின்றன. ஐந்தாவது மடங்கு 367.1, அது ‘எஃப் ஷார்ப்’. ஹார்மோனியத்தின் சம இடைவெளிச் சுருதியில், அதாவது ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காக்கும் முறையில், அதே சுரம் 370.0. விநாடிக்குக் கிட்டத்தட்ட மூன்று விம்மல், காதை உறுத்தும். மூன்றாவது மடங்கான ‘ஏ’ 220.2, ஹார்மோனியத்தில் 220.0. நான்கு விநாடிக்கு ஒரு விம்மல். அது மூச்சுவிடுவதுபோல இதமாக இருக்கும்.

ஹார்மோனியத்தின் பித்தளை நாக்கை மேடையில் திருத்த முடியாது; நுனியில் அரம் போட்டால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும், இரண்டும் பட்டறை வேலை. அதனால் பைப்ஸ்தான் ஹார்மோனியத்துக்குச் சேர வேண்டும். எஃப் ஷார்ப்பின் உறுத்தலைத் தவிர்க்கச் சுலபமான வழி, ஹார்மோனியத்தில் ‘டி’, ‘ஏ’ கட்டைகளை மட்டும் பிடித்துக்கொண்டு அதைத் தொடாமல் விடுவது. மேற்கத்திய இசையில் மெட்டு மேஜர் சுரவரிசையா, மைனரா என்று காட்டுவது அந்த இடத்துச் சுரம்தான்; அது இல்லாதபோது ஒத்து மேஜரும் இல்லை, மைனரும் இல்லை. நூறாண்டுப் பழைய மெட்டானாலும் நேற்றுப் போட்ட மெட்டானாலும், ‘டி’யில் நிற்கிற எதுவும் அதன்மேல் உட்கார்ந்துவிடும்.