பங்கு வாங்குவது சரி, விற்பது யாரிடம்?

பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனிகளில் பங்கு வாங்கிவிட்டு எங்கள் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி: "சார், போட்ட பணத்தைக் கம்பெனி எப்போது திருப்பித் தரும்?"

பொதுவாகத் தராது. நீங்கள் கொடுத்தது கடன் இல்லை, மூலதனம். இந்தச் சிக்கலுக்கு வயது நானூறுக்கு மேல்.

1602-க்கு முன் ஐரோப்பிய வணிகர்கள் பலரும் ஒரு பயணத்துக்கு மட்டும் கூட்டு சேர்வார்கள். கப்பல் திரும்பியதும் சரக்கை விற்று, லாபத்தைப் பிரித்துக்கொண்டு கணக்கை முடித்துவிடுவார்கள். 1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இதை மாற்றியது. ஏறக்குறைய 64 லட்சம் கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) மூலதனம் திரண்டது. ஆம்ஸ்டர்டாமில் மட்டும் 1,100 பேருக்கு மேல் பணம் போட்டார்கள். 100 கில்டர் போட்ட வீட்டு வேலைக்காரப் பெண்ணும் அதில் ஒருவர்.

பத்து ஆண்டில் கணக்குக் காட்டப்படும், வேண்டியவர்கள் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது சாசனம். 1612 வந்தது, கணக்கு வரவில்லை. அரசும் இயக்குநர்கள் பக்கமே நின்றது. பணம் கப்பலிலும் கோட்டையிலும் முடங்கியிருந்தால் எதை எடுத்துக் கொடுப்பது? (நம் பழவேற்காட்டில் 1613-இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டையும் இந்தக் கம்பெனியுடையதுதான்.) அதற்கு முன்பே, 1610-இல், டிவிடெண்டை, அதாவது லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் பங்கை, காசாகத் தராமல் ஜாதிபத்திரியாகவும் மிளகாகவும் அளந்தார்கள்!

ஒரு வழி மட்டும் தொடக்கத்திலிருந்தே திறந்திருந்தது. இன்னொருவருக்கு விற்று, கம்பெனிப் பேரேட்டில் பெயர் மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கைமாற்றத்திலிருந்துதான் ஆம்ஸ்டர்டாம் பங்குச் சந்தை வளர்ந்தது. கூடவே தில்லுமுல்லும் வந்தது. கையில் இல்லாத பங்கை விற்று விலையை இறக்கப் பார்த்தது ஒரு கூட்டம். 1610-இல் அதற்குத் தடை போட்டார்கள்.

இன்றைக்கும் நான் முதலில் பார்ப்பது அதே பேரேட்டைத்தான். கம்பெனியின் உறுப்பினர் பதிவேட்டிலோ, பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கிலோ உங்கள் பெயர் ஏறாதவரை கையில் இருப்பது வெறும் ரசீது. அப்புறம், கம்பெனியின் உள் நிர்வாக விதிகளான சங்க விதிகளில் (Articles of Association) பங்கு மாற்றத்துக்கு என்ன கட்டுப்பாடு என்று படியுங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் கட்டுப்பாடு நிச்சயம் இருக்கும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணத்துக்குக் கணக்கறிக்கை கிடைக்கும். இரண்டு ஆண்டாகத் தாக்கல் செய்யவில்லை என்றால் விலகிவிடுங்கள்.

"மாதம் இவ்வளவு சதவீதம் உறுதி" என்று பங்குக்கு எழுதிக் கொடுக்கிறார்களா? டிவிடெண்ட் லாபத்திலிருந்து வருவது, மாத வட்டி போல அதை உறுதி சொல்ல முடியாது. அவர்கள் வாங்குவது பங்கு என்ற பெயரில் டெபாசிட். அதை வாங்க அனுமதி உண்டா என்று கேளுங்கள், எழுத்தில்.