லேவுக்குப் போகிறவர்களுக்குக் கீரை எதற்கு?

கடலூர் சில்வர் பீச்சில் தினமும் காலையில் நடக்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எனக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். அவரும் உடன் நடப்பவர்களுமாகப் பதினோரு பேர் அடுத்த மாதம் லடாக்கிலுள்ள லே, பாங்காங் ஏரி என்று எட்டு நாள் பயணம் போகிறார்கள். மலை உயரத்தைச் சமாளிக்கப் பயண ஏற்பாட்டாளர் வாங்கிவரச் சொன்னவை: ஜிங்கோ என்ற மரத்தின் இலைச்சாற்று மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, பீட்ரூட் பொடி, ஒரு பொட்டலம் கற்பூரம். "இவற்றில் எது பயன் தரும், எது வீண் செலவு?" என்று கேட்டிருந்தார்.

கடலூர் கடலோடு ஒட்டிய ஊர். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் இங்கிருப்பதில் மூன்றில் இரண்டு பங்காகிவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடனே உடல் வேகமாக மூச்சு வாங்குகிறது. அதனால் கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அதைக் கண்ட மூளை மூச்சுக்குத் தடை போடுகிறது. சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப்பொருளை வெளியேற்றி இந்தச் சிக்கலைத் தீர்க்க இரண்டு மூன்று நாட்கள் ஆகும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று மலைநோய் தலைகாட்டுவது இந்த இடைவெளியில்தான். மருத்துவர்கள் எழுதித்தரும் அசிட்டசோலமைடு மாத்திரை சிறுநீரகத்தின் அந்த வேலையை விரைவுபடுத்துகிறது.

பட்டியலில் ஜிங்கோவை அடித்துவிடலாம். நேபாள இமயத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட மலையேறிகளிடம் நடத்தி 2004-இல் வெளியான ஆய்வில், அசிட்டசோலமைடு பலன் தந்தது. ஜிங்கோ வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாக எதையும் செய்யவில்லை. கற்பூரத்தை முகர்ந்தால் மூக்கு திறந்துகொண்டது போன்ற உணர்வு வரும். மூக்கின் வழியே போகும் காற்று ஒரு துளிகூட அதிகமாவதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனும் ஏறாது. மூச்சுத் திணறும் ஒருவரின் மூக்கில் கற்பூரத்தை வைத்துக்கொண்டு, கீழே இறக்க வேண்டிய நேரத்தைக் கடத்துவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த நம்பிக்கை உயிரையே வாங்கக்கூடியது.

இரும்புச்சத்து நல்லதுதான், ஆனால் குறைபாடு உள்ளவர்களுக்கு. இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அதைச் சரிசெய்ய வாரங்கள், மாதங்கள் ஆகும். விமானம் ஏறும் வாரத்தில் மாத்திரை தொடங்கிப் பயனில்லை.

மிஞ்சுவது பீட்ரூட். என் மனம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

பீட்ரூட்டும் சிறுகீரை, பசலை போன்ற கீரைகளும் மண்ணிலிருந்து நைட்ரேட்டை உறிஞ்சிச் சேர்த்துவைக்கின்றன. நாம் உண்ணும் நைட்ரேட் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்குப் போகிறது. நம் உடலால் அதை நேரடியாகப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அப்போது உமிழ்நீர்ச் சுரப்பிகள் அதில் ஏறத்தாழ கால் பங்கை இரத்தத்திலிருந்து இழுத்து மறுபடி வாய்க்கே அனுப்புகின்றன. விழுங்கியதை உடல் ஏன் வாய்க்குத் திருப்பி அனுப்ப வேண்டும்?

நாக்கின் பின்பகுதியில், ஆக்சிஜன் எட்டாத சிறு பள்ளங்களில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அவை நைட்ரேட்டைக்கொண்டு சுவாசிக்கின்றன. அந்தச் சுவாசத்தின் கழிவு நைட்ரைட். அதை நாம் உமிழ்நீரோடு விழுங்குகிறோம்.

இதை நானே செய்து பார்த்தேன். பரங்கிப்பேட்டை பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கும் நண்பரிடம் நைட்ரைட் சோதனைப் பெட்டி உண்டு. குட்டை நீரில் நைட்ரைட் கூடினால் இறால் செத்துவிடும் என்பதால் அடிக்கடி பார்ப்பார். அதை வாங்கிவந்து, தண்ணீர் கலந்த என் உமிழ்நீரில் மருந்துச் சொட்டுகளை விட்டேன். காலையில் வெளிறிய ரோஸ் நிறம். சிறுகீரை மசியலோடு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், குழாயில் நாவற்பழச் சாறு ஊற்றியது போல இருந்தது. மறுநாள் கிருமிநாசினி மவுத்வாஷால் வாய் கொப்பளித்துவிட்டு அதே மசியலைச் சாப்பிட்டேன். நிறம் வெளிறியபடியே நின்றது.

விழுங்கிய நைட்ரைட் இரத்தத்தில் சுற்றிவருகிறது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் அதை நைட்ரிக் ஆக்சைடாக மாற்றுகிறது. இரத்தக் குழாயைத் தளர்த்தி விரிக்கும் வாயு அது. 1998-இல் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அந்த வாயுவைப் பற்றிய ஆராய்ச்சிக்காகத்தான். நம் உடல் வழக்கமாக அதைத் தயாரிக்கும் முறைக்கு ஆக்சிஜன் வேண்டும். நைட்ரைட் வழிக்கு வேண்டாம். ஆக்சிஜன் குறையக் குறைய அது சுறுசுறுப்பாகிறது. வீராணம் பாசனத்தில் கடைமடை விவசாயியைக் கேட்டால் தெரியும், தண்ணீர் கடைசியாக வருவதும் முதலில் நிற்பதும் அவர் வயலில்தான். காய்ந்த வயலைப் பார்த்துத் தானே திறந்துகொள்ளும் மதகு ஒன்று இருந்தால் எப்படியிருக்கும்? நம் தசைகளுக்குள் அப்படி ஒன்று இருக்கிறது. சுமார் 4,200 மீட்டர் உயரத்தில் வாழும் திபெத்தியர்களின் இரத்தத்தில் நைட்ரிக் ஆக்சைடு சார்ந்த பொருட்கள் கடல்மட்டவாசிகளைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருப்பதாக 2007-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

2009-இல் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் எட்டு ஆண்களுக்குத் தினம் அரை லிட்டர் பீட்ரூட் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். அதே உடற்பயிற்சிக்கு ஆக்சிஜன் குறைவாகத் தேவைப்பட்டது. சோர்ந்து விழும் நேரமும் தள்ளிப்போனது. நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்களுக்கு இந்தப் பலன் குறைவு. மலைநோயின் தலைவலியை அது தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பீட்ரூட் காலுக்கு உதவலாம், தலைக்கு உதவாது.

1969-இல் 1,925 இந்தியப் படைவீரர்களின் மலைநோயைப் பற்றி இந்திய ராணுவ மருத்துவர்கள் எழுதிய கட்டுரை உலகெங்கும் படிக்கப்பட்டது. அந்த மரபு நமக்கு உண்டு. கேதார்நாத், அமர்நாத் என்று ஆண்டுதோறும் ஏறும் அறுபது வயதுச் சமவெளி மக்களை வைத்து, கீரையும் பீட்ரூட்டும் உதவுகின்றனவா என்று அதே அளவில் ஓர் ஆய்வு நடத்த அரசு பணம் ஒதுக்க வேண்டும். பொடி விற்கும் நிறுவனம் சிறுகீரையைச் சோதிக்கப் பணம் தராது.

ஆசிரியைக்கு எழுதிய பதில் இது: கிளம்பும் முன் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள். அசிட்டசோலமைடு பற்றி உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். பொடி வேண்டாம், கீரையும் பீட்ரூட்டும் போதும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், நைட்ரேட் அதில் போய்விடும். சிறுநீரகக் கல் வந்தவர்களும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பீட்ரூட் சாறு குடிக்க வேண்டாம். மவுத்வாஷை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். லேயில் முதல் இரண்டு நாட்கள் விடுதியைவிட்டு எங்கும் ஏறாதீர்கள். யாராவது நடக்கும்போது தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், கீழே இறக்குங்கள்.

அன்று மாலையே மறுபடி எழுதியிருந்தார். குழுவில் ஒருவர் பீட்ரூட் பொரியல் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டாராம். அது பீட்ரூட்டின் நிறமிதான். சிலருக்கு அப்படி வரும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும்.