தெளியாத வட்டங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். ஆனாலும் காலையில் வெப்பப்பெட்டியைத் திறக்கும்போது நெஞ்சு படபடப்பது இன்னும் நிற்கவில்லை. ஒரு நோயாளியின் இரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்த பாக்டீரியாவை, உள்ளங்கையளவு தட்டில் உறைந்திருக்கும் கூழின் மேல் முந்தைய நாள் மாலையே சீராகத் தடவி, அதன்மேல் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய காகித வில்லைகளை வைத்திருப்போம். ஒவ்வொரு வில்லையிலும் ஒவ்வோர் ஆன்டிபயாடிக் ஊறியிருக்கும். மருந்து வேலை செய்தால், வில்லையைச் சுற்றி எதுவும் வளராமல் தெளிந்த வட்டம் விழும்; செய்யாவிட்டால், பாக்டீரியாவின் வெண்படலம் வில்லையின் விளிம்புவரை வந்து முட்டி நிற்கும். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தையின் இரத்தத்தில் வளர்ந்த கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா, ஆறு வில்லைகளில் ஐந்தைச் சுற்றி வட்டமே விழ விடாமல் தட்டை நிறைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பெரியவர்கள், மருந்து கேட்காமல் போனால், "உடம்புக்கு மருந்து பழகிவிட்டது" என்பார்கள். உண்மையில் எதிர்ப்பு உருவாவது உடம்பில் அன்று, பாக்டீரியாவில்தான். அதனால்தான் வாழ்நாளில் ஒரு மாத்திரைகூட விழுங்காத பச்சிளங்குழந்தைக்கும் மருந்துக்கு அடங்காத தொற்று வருகிறது. பாக்டீரியா தன்னைச் சுற்றி ஓர் உறுதியான சுவரைக் கட்டிக்கொள்கிறது. அந்தச் சுவரின் இழைகளைப் பின்னும் புரதத்தைப் பென்சிலின் பிடித்து முடக்குவதால், சுவர் நைந்து, பாக்டீரியா வெடித்து அழிகிறது. இதற்குப் பாக்டீரியாக்கள் கண்ட மறுவழிகளில் முதன்மையானது, பென்சிலினின் மூலக்கூறு வளையத்தை உடைத்துவிடும் ஒரு நொதி. ஆபிரகாம், செயின் ஆகிய அறிஞர்கள் இந்த நொதியைப் பற்றி 1940-லேயே, அதாவது பென்சிலின் மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்பாட்டுக்கு வருவதற்கு முன்பே, எழுதிவிட்டார்கள்.

வேறொரு வழியை உலகம் எங்கள் ஊரிலிருந்தும் கற்றுக்கொண்டது. 1977-ல் டர்பன் குழந்தைகளிடம் காணப்பட்ட, நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமி, பென்சிலினுக்கும் குளோராம்ஃபெனிக்காலுக்கும் அடங்கவில்லை என்று மருத்துவர் ஆப்பெல்பாமும் உடன் பணியாற்றியவர்களும் அறிவித்தார்கள். அந்தக் கிருமி பென்சிலினை உடைப்பதில்லை. பென்சிலின் பிடிக்க வேண்டிய புரதத்தின் வடிவத்தையே மாற்றிக்கொண்டு, மருந்து வந்தாலும் பிடி கிடைக்காதபடி செய்துவிடுகிறது.

இவற்றைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது பிளாஸ்மிட். பாக்டீரியாவின் முதன்மை மரபிழையிலிருந்து தனித்து நிற்கும் இந்தச் சிறு டிஎன்ஏ வளையத்தில் நான்கைந்து மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் ஒன்றாகக் கோத்துக் கிடக்கலாம். ஒரு பாக்டீரியா அருகிலிருக்கும் இன்னொன்றுடன் மெல்லிய குழாய்போன்ற பிணைப்பை ஏற்படுத்தி, அந்த வளையத்தின் படியொன்றை அதற்குள் செலுத்துகிறது. பெறுவது வேறு இனமாக இருந்தாலும் தடையில்லை. கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த கார்பாபீனெம் மருந்துகளை உடைக்கும் என்டிஎம் நொதி, 2011-ல் தென்னாப்பிரிக்காவில் கண்டறியப்பட்டது. அதற்கும் அப்பால், சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யும் என்று மருத்துவர்கள் ஒதுக்கி வைத்திருந்த பழைய ஆன்டிபயாடிக்கான கொலிஸ்டினை எடுத்தோம். அதை எதிர்க்கும் மரபணு பிளாஸ்மிட்டில் ஏறிவிட்டது என்ற செய்தி 2015-ன் இறுதியில் சீனாவிலிருந்து வந்தது. மறு ஆண்டே இந்நாட்டிலும் அது அறிவிக்கப்பட்டது.

இந்தப் பரிமாற்றத்துக்கு மருத்துவமனையைவிட வாய்ப்பான இடம் இல்லை. ஆன்டிபயாடிக் ஓயாமல் ஓடும் இடத்தில் எதிர்ப்புள்ளவை மட்டுமே மிஞ்சுகின்றன. சிறுநீர்க் குழாயும் இரத்தக் குழாய் ஊசியும் வென்டிலேட்டரும் கிருமி உள்ளே நுழைய வழி திறந்துவிடுகின்றன. ஒரே செவிலியர் எண்ணற்ற குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வார்டில் கைகழுவும் தொட்டிவரை நடந்து போய்வர நேரம் கிடைப்பதில்லை. அந்தத் தொட்டியின் வடிகாலிலும் கிளெப்சியெல்லா குடியிருக்கக்கூடும். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தால் வாசலிலேயே கை கால் கழுவ வேண்டும் என்பது எங்கள் ஆயாவின் சட்டம். நோயாளியின் கட்டிலைத் தொடுவதற்கு முன்பே கைகழுவுவது அதைவிட முக்கியம் என்பதை நான் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் உணர்ந்தேன்.

காசநோய்க் கிருமியின் கதை வேறு. அது பிளாஸ்மிட்டை நம்புவதில்லை. தன் மரபணுவில் தற்செயலாக நேரும் எழுத்துப்பிழையையே எதிர்ப்பாக மாற்றிக்கொள்கிறது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினை எதிர்க்கும் பிழை ஏறத்தாழப் பத்துக் கோடிக் கிருமிகளில் ஒன்றில் நேரலாம். நோய் முற்றிய நுரையீரல் குழியில் அந்த எண்ணிக்கைக்குக் குறைவில்லாமல் கிருமிகள் இருக்கும். ஒரே நேரத்தில் பல மருந்துகளைச் சேர்த்துத் தருவது இதனால்தான்: இரண்டு பிழைகள் ஒரே கிருமியில் ஒன்றுசேர்வது மிக அரிது.

எங்கள் குவாசுலு நடால் மாகாணத்தின் உட்பகுதியிலுள்ள டுகேலா ஃபெர்ரியில், எல்லா முக்கிய மருந்துகளையும் எதிர்க்கும் காசநோய் 53 பேரிடம் கண்டறியப்பட்டது. அவர்களில் 52 பேர் இறந்தார்கள். சளி மாதிரி கொடுத்த நாளிலிருந்து இறப்புவரையான இடைநிலைக் காலம் 16 நாட்கள்; அதாவது பாதிப்பேர் அதற்குள்ளேயே இறந்துவிட்டார்கள். 2006-ல் வெளியான அந்த ஆய்வில், எச்ஐவி பரிசோதனை செய்யப்பட்ட அனைவருக்கும் அது இருந்தது. நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் அதற்குமுன் காசநோய் மருந்தே உட்கொண்டதில்லை. மூன்றில் இரண்டு பங்கினர் முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் மருத்துவமனையில் தங்கியிருந்தார்கள். மருந்தைப் பாதியில் விட்டார்கள் என்று நோயாளியைக் குறைகூறும் பழக்கத்தை அந்த எண்கள் எனக்குள் முறித்தன. அவர்களில் பலருக்கு எதிர்ப்புள்ள கிருமியே நேராக, பெரும்பாலும் வார்டின் காற்று வழியாக, வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

அந்தக் காற்றை வெளியேற்ற விலையுயர்ந்த இயந்திரம் வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். பெருவின் லிமா நகர மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2007-ல் வெளியான ஓர் ஆய்வு, சன்னல்களையும் கதவுகளையும் முழுக்கத் திறந்து வைத்தால் அறையின் காற்று மணிக்கு 28 முறை மாறுகிறது என்று அளந்து காட்டியது. இயந்திரக் காற்றோட்டத்துக்குப் பரிந்துரைக்கப்படும் அளவோ 12. உயரமான கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்களே அதில் சிறந்து நின்றன.

மருந்தை அளவாகப் பயன்படுத்தவும் எளிய வழி உண்டு. தென்னாப்பிரிக்காவின் 47 தனியார் மருத்துவமனைகளில் மருந்தாளுநர்கள், பெரும்பாலும் தொற்றுநோய் நிபுணர் துணையின்றியே, நோயாளியின் ஏட்டைப் பார்த்துச் சில கேள்விகளை மட்டும் எழுப்பினார்கள். மருந்து தொடங்கும் முன் மாதிரி எடுக்கப்பட்டதா, ஏழு நாளைத் தாண்டிவிட்டதா, பதினான்கு நாளையும் தாண்டிவிட்டதா, ஒரே நேரத்தில் நான்குக்கு மேற்பட்ட ஆன்டிபயாடிக் போகிறதா, ஒரே வேலைக்கு இரண்டு மருந்தா? இவ்வளவுதான் கேட்டார்கள். 2016-ல் வெளியான கணக்குப்படி, ஆன்டிபயாடிக் பயன்பாடு சுமார் 18 சதவீதம் குறைந்தது.

முதல் கேள்வியின் பொருளை என் மேசையில் அன்றாடம் காண்கிறேன். மருந்து ஏறிய பின் எடுத்த இரத்தத்தில், கிருமி உடம்பில் இருந்தும் குப்பியில் வளராமல் போவதுண்டு. வளராததை எந்த வில்லையாலும் சோதிக்க முடியாது. அப்போது எந்த மருந்து வேலை செய்யும் என்று நான் சொல்ல வழியில்லாததால், வார்டில் இருப்பவற்றில் மிக வலுவானதையே மருத்துவர் தொடர்கிறார். முதல் ஊசிக்கு முன் எடுத்த இரத்தமாக இருந்தால், இரண்டொரு நாளில் தட்டு தயாராகிவிடும். தெளிந்த வட்டம் விழுந்த எளிய மருந்தின் பெயரைத் தொலைபேசியில் சொல்வேன். வார்டில் கார்பாபீனெமை நிறுத்திவிட்டு அதற்கு மாறுவார்கள்.