ஒரே போல்டரில் இரண்டு ‘கொழும்பு’

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: ‘கொழும்பு’ என்று தேடினால் பைல் இல்லையாம். போல்டரைத் திறந்தால் கண்முன்னே கிடக்கிறது. அதே பெயரில் இன்னொரு பைலைச் சேமித்தாலும் கணினி மறுப்பதில்லை. வைரஸா?

இல்லை. எதற்கும் ‘வைரஸ், ஃபோர்மட் அடிக்க வேணும்’ என்பது நம்மூர்க் கணினிச் சாத்திரம். பல்லி விழும் பலனைவிட அதில் உண்மை அதிகமில்லை.

சாதாரணக் காரணத்தை முதலில் பாருங்கள். விண்டோஸ் தேடலுக்காகத் தானாக அட்டவணைப்படுத்துவது டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ் போன்ற இடங்களை மட்டுமே. டி டிரைவ் வேண்டுமென்றால் ‘இன்டெக்சிங் ஒப்ஷன்ஸ்’ திறந்து, ‘மொடிஃபை’ அழுத்தி, நீங்களே சேர்க்க வேண்டும்.

ஆனால் இரண்டு பைல், ஒரே பெயர் என்றால் சங்கதி வேறு. கணினிக்குப் பெயர் என்பது எண்களின் வரிசை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘க’ 2965. ‘கொ’வின் ஒகரக் குறிக்குத் தனியாக 3018 என்ற எண் உண்டு. அதையே ஒற்றைக்கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான்; எந்தக் கண்ணாடி போட்டாலும் வேறுபாடு தெரியாது. யூனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம். பைல்களைச் சேமித்துவைக்கும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையோ அந்தச் சமத்தைப் பார்ப்பதில்லை, எண்களை அப்படியே ஒப்பிடும். ஒரு ‘கொழும்பு’க்கு எட்டு எண், மற்றதற்கு ஒன்பது. ஆகவே இரண்டு பெயர்.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? 2017க்கு முந்தைய மாக் கணினிகள் பைல் பெயர்களைப் பிரித்தே சேமித்தன. அங்கே சிப் (zip) பைலாகச் சுருக்கியது இங்கே அப்படியே வந்து இறங்கும். இன்னொரு வாசல், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவான பாமினி. அதில் கொம்பு, ‘க’, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் கிடக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள் அரைகுறையாக எழுதப்பட்டிருந்தால், கொம்பைக் ‘க’வுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, காலோடு இணைக்காமல் விட்டுவிடும்.

சோதிக்க: பைல் பெயரில் ‘கொழும்பு’ என்ற சொல்லை மட்டும் பிரதியெடுத்து எக்செலில் ஒட்டி, எத்தனை எண் என்று எண்ணிச் சொல்லும் ‘லென்’ (LEN) சூத்திரம் போடுங்கள். 9 வந்தால் பிரிந்தது. எஃப்2 அழுத்திப் பெயரை முழுவதும் அழித்து, உங்கள் விசைப்பலகையில் புதிதாகத் தட்டுங்கள்.  இரண்டும் ஒரே போல்டரில் இருந்தால், ‘இப்பெயர் ஏற்கெனவே உண்டு’ என்று விண்டோஸ் மறிக்கும். புதிய பெயரோடு ஆண்டையும் சேர்த்துவிடுங்கள்.