இ-ரீடரில் லினக்ஸ்: பின்மூடியைத் திறப்பதற்கு முன்

"கிண்டிலை ஃபார்மேட் அடிச்சுட்டு லினக்ஸ் போட்டுத் தர முடியுமா?" ராயபுரம், தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கம் சர்வீஸ் மேசைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று: அதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான். அமேசானின் கிண்டிலும் அப்படியே, இன்னொரு நிறுவனத்தின் இ-ரீடரான கோபோவும் அப்படியே. நம் கண்ணில் படும் கடை, லைப்ரரி, விளம்பரம் எல்லாம் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தந்த நிறுவனத்தின் மென்பொருள். ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது, மேலே இருப்பதை மட்டும் மாற்றினால் போதுமா, அடியோடு மாற்ற வேண்டுமா என்பதைத்தான்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பாடநூல் பிடிஎஃப்களைப் படிக்கத்தான் இதைக் கேட்கிறார்கள். ஏ4 பக்கம் 6 அங்குலத் திரையில் எறும்பு எழுத்தாகத் தெரிகிறது, அதுதான் பிரச்சினை. அதற்கு இயங்குதளத்தை மாற்றத் தேவையே இல்லை. கோரீடர் என்ற இலவச மென்பொருளை இருக்கும் சிஸ்டத்தின் மேலேயே போட்டுக்கொள்ளலாம். அதிலுள்ள ரீஃப்ளோ வசதி பக்கத்தைப் படமாகவே வெட்டி, வரிகளைத் திரை அகலத்துக்கு மடித்து அடுக்குகிறது. படமாக வெட்டுவதால், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த பழைய பிடிஎஃப்களும் சரியாகவே தெரியும். தேடல் மட்டும் அவற்றில் வேலை செய்யாது.

கோபோவில் இதைப் போடுவது சுலபம். யூஎஸ்பியில் இணைத்தால் தெரியும் டிரைவில் ".கோபோ" என்று ஒரு மறைந்த ஃபோல்டர் இருக்கும். அதற்குள் 'கோபோரூட்' என்ற பெயரில் வைக்கும் சுருக்கிய கோப்பை, கேபிளைக் கழற்றியதும் கருவியே பிரித்து ரூட் உரிமையோடு, அதாவது எதையும் மாற்றும் முழு அதிகாரத்தோடு, நிறுவிக்கொள்ளும். கோரீடரைத் திறக்க உதவும் மெனுவான நிக்கல்மெனு இந்த வழியில்தான் உள்ளே போகிறது. இதே வழியில் தப்பான கோப்பும் போகும் என்பதால், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை வைக்காதீர்கள். அந்தந்த மென்பொருளின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

கிண்டிலில் முதலில் ஜெயில்பிரேக் செய்ய வேண்டும், அதாவது நிறுவனம் போட்ட பூட்டை உடைக்க வேண்டும். அது முடியுமா என்பது கருவியின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரின் எண்ணைப் பொறுத்தது. புது அப்டேட் பழைய ஓட்டையை அடைத்துவிடலாம், எனவே செய்வதாக இருந்தால் அதுவரை ஏர்பிளேன் மோடிலேயே வையுங்கள். அடியோடு மாற்றுவதைக் கிண்டிலில் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சேமிப்பு சிப் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். எழுதும்போது பாதியில் நின்றால், கழற்றி வேறு கணினியில் செருகிச் சரிசெய்ய அங்கே எதுவும் கிடையாது.

பழைய கோபோக்கள் கதையே வேறு. 2013-ல் கோபோ இந்தியாவுக்கு வந்தபோது விற்றவை இன்றும் செகண்ட் ஹேண்டாகக் கைமாறுகின்றன. டச், மினி, குளோ, ஆரா எச்டி ஆகியவற்றின் பின்மூடியைத் திறந்தால் போர்டில் ஒரு சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டு செருகியிருக்கும். கருவியைத் தொடக்கிவைக்கும் நிரலான பூட்லோடர் முதல் புத்தகங்கள் வரை எல்லாம் அதில்தான். பின்னால் வந்த கிளாரா எச்டியிலும் அப்படியே. மினியிலும் குளோவிலும் 2 ஜிபி, ஆரா எச்டியில் 4, கிளாரா எச்டியில் 8. எந்த மாடல் என்பதைச் சீரியல் எண்ணின் தொடக்கம் சொல்லும்: என்613 குளோ, என்705 மினி, என்905 டச், என்249 கிளாரா எச்டி. டச்சில் ஏ, பி, சி என்று வகைகள் உண்டு, உள்ளே ஹார்டுவேர் வேறு வேறு. மாற்று இயங்குதளங்களான இன்க்பாக்ஸ், போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் இரண்டும் எந்த மாடலுக்கு உண்டு என்று பட்டியல் போட்டிருக்கின்றன. எண் பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

திறப்பதற்கு முன் கருவியை ஸ்லீப்பில் விடாமல் முழுவதுமாக ஆஃப் செய்யுங்கள். மூடியை நெம்ப ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டு போதும். இ-இங்க் பேனலின் அடித்தளம் மெல்லிய கண்ணாடி. வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே விரிசல் விடும், அடுத்த முறை ஆன் செய்யும்போது பாதித் திரை கோடு கோடாக நிற்கும்.

கார்டை எடுத்ததும் அதில் எதையும் எழுதாதீர்கள். கார்டு ரீடரில் போட்டால் விண்டோஸ் "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும், கேன்சல் கொடுங்கள். லினக்ஸ் லேப்டாப்பில் டிடி கட்டளையால், பிளாக் அளவு 4 எம்பி என்று வைத்து, முழுக் கார்டையும் ஒரே இமேஜாக, அதாவது அச்சு அசலான ஒரே நகல் கோப்பாக எடுங்கள். 'முழு' என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கார்டு பிரிக்கப்பட்டுள்ள பகுதிகளில் (பார்ட்டிஷன்) முதலாவதுக்கு முன்னால் உள்ள வெற்று இடம்போல் தெரியும் பகுதியில்தான் பூட்லோடர், கெர்னல், சீரியல் எண், ஹார்டுவேர் விவரம், திரையில் எழுத்தை வரைய வேண்டிய மின்னழுத்த அட்டவணையான வேவ்ஃபார்ம் எல்லாம் இருக்கின்றன. பார்ட்டிஷன்களை மட்டும் நகலெடுத்தால் இவை வராது. வேறொருவருடைய கார்டின் இமேஜை எழுதினாலும் இதே வம்புதான்: அவருடைய பேனல் விவரம் உங்கள் கருவிக்கு வந்துவிடும், எழுத்து சாம்பலாகவோ திட்டுத் திட்டாகவோ தெரியும்.

இமேஜ் கையில் வந்ததும் அசல் கார்டை ஒரு கவரில் போட்டு எடுத்து வைத்துவிடுங்கள். சோதனை எல்லாம் புதுக் கார்டில். புதுக் கார்டு 32 ஜிபி என்று அச்சிட்டிருப்பதை நம்பாமல், எஃப்3 என்ற சோதனை மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். போலிக் கார்டு உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும் எழுதியதாகச் சொல்லிக்கொண்டே தரவைத் தொலைக்கும், பழி லினக்ஸ் மேல் விழும்.

மாற்று இயங்குதளத்தைப் புதுக் கார்டில் எழுதி, செருகி, ஆன் செய்து, திரையில் லோகோவும் வந்துவிட்டது. தொல்லை பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். முதலாவது தூக்கம். அசல் மென்பொருள் பக்கம் புரட்டாத நேரத்தில் கருவியை ஆழ்ந்து தூங்க வைக்கிறது, அதனால்தான் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கிறது. மாற்று இயங்குதளத்தில் இந்தத் தூக்கம் (சஸ்பெண்ட்) சரியாக அமையாவிட்டால் கருவி விழித்தபடியே கிடக்கும். குளோவின் பேட்டரி 1000 எம்ஏஎச். தொடர்ந்து 50 மில்லிஆம்பியர் இழுத்தாலே 20 மணி நேரத்தில் காலி. நிறுவும் முன் உங்கள் மாடலுக்கான பக்கத்தில் சஸ்பெண்ட் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது வாசிப்புக் கருவியாக உதவாது. மேசையில் கேபிளோடு கிடந்து கடிகாரம், காலண்டர் காட்டலாம், அவ்வளவுதான்.

பேட்டரி அடியோடு இறங்கினால் தேதி 1970-க்குப் போய்விடும். வைஃபை இணைந்தும் எந்தத் தளமும் திறக்காமல் சான்றிதழ் பிழை வந்தால் முதலில் தேதியைச் சரிசெய்யுங்கள். இந்த மாடல்களுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும்.

தமிழ் எழுத்து உடைந்தால் இரண்டு காரணங்களைப் பிரித்துப் பாருங்கள். கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை, நோட்டோ அல்லது லோகித் தமிழைப் போட்டால் தீரும். 'பெண்' என்ற சொல்லில் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நின்றால் எழுத்துரு மேல் தப்பில்லை. எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் போன்ற நிரல் அந்தச் செயலியில் இல்லை, எத்தனை எழுத்துரு மாற்றினாலும் சரியாகாது. கோரீடரில் இந்தத் தொல்லை கிடையாது.

பழைய பக்கத்தின் நிழல் திரையில் தங்குவது பழுது அல்ல. வேகமான கறுப்பு-வெள்ளை முறையில் புரட்டினால் அப்படித்தான் இருக்கும். சில பக்கங்களுக்கு ஒருமுறை முழு ரெஃப்ரெஷ் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கிய, பூட்டுள்ள புத்தகங்கள் புதிய சிஸ்டத்தில் திறக்காது. ப்ராஜெக்ட் மதுரை, ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளங்களின் இபப் வகை மின்னூல் கோப்புகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து வாசகர்களுக்குக் கூடுதலாக ஒன்று. உப்புக் காற்றில் மைக்ரோ யூஎஸ்பி பின்கள் பச்சை பிடிக்கும். சார்ஜ் ஏறும், ஆனால் கணினி கருவியைக் கண்டுகொள்ளாது. மென்பொருள்தான் கெட்டுவிட்டது என்று மறுபடி மறுபடி இமேஜ் எழுதுவதற்கு முன், கருவியை ஆஃப் செய்துவிட்டு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷ்ஷும் கொண்டு போர்ட்டைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, டேட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.

காசு கொடுத்து வெளியில் செய்வதென்றால், வேலை தொடங்கும் முன்பே அசல் கார்டின் முழு இமேஜை உங்கள் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். 2 ஜிபி கார்டுக்கு அது 2 ஜிபி கோப்பு, எடுக்கச் சில நிமிடம்தான். "அதெல்லாம் தேவையில்லை சார்" என்று பதில் வந்தால் கருவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.